காட்மன் பாக்கெட் பெட்டி: 12 வில்லைகளும், ஓவியர்களைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவையும்

வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் காட்மன் ஸ்கெச்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ் என்ற நீர்வண்ணப் பெட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். உள்ளே 12 ஹாஃப் பேன் (அரை அளவு) வண்ண வில்லைகளும் ஒரு குட்டி பிரஷ்ஷும் இருக்கும். மூடிதான் கலவைத் தட்டு. 1832இல் லண்டனில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இது மாணவர் தர வரிசை. அதனாலேயே, "ஓவியராக வேண்டுமென்றால் ஓவியர் தர வண்ணம்தான் வேண்டும்" என்று நம்புகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கள் தீர்ப்பு: தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கியதும் ஒரு வில்லையை மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பிரஷ்ஷை ஓரங்கட்ட வேண்டும், மிச்சமாகும் பணத்தைத் தாளில் போட வேண்டும்.

மாணவர் தரம் என்றால் நிறமி (நிறம் தரும் தூள்) குறைவு, நிரப்புப்பொருள் அதிகம். விலை கூடிய நிறமி இருக்க வேண்டிய இடத்தில் அதே சாயல் தரும் வேறு நிறமி இருக்கும். அப்படிப்பட்ட வில்லையின் பெயரோடு 'ஹ்யூ' என்று ஒட்டியிருக்கும். இந்தப் பெட்டியில் லெமன் யெல்லோ, காட்மியம் யெல்லோ, காட்மியம் ரெட் பேல், அலிசரின் கிரிம்சன், கோபால்ட் ப்ளூ, விரிடியன் ஆகிய ஆறும் ஹ்யூ வகை. அல்ட்ராமரின், சாப் கிரீன், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், சைனீஸ் ஒயிட் ஆகியவை மற்ற ஆறு. மண் நிறங்களும் அல்ட்ராமரினும் இயல்பாகவே மலிவான நிறமிகள் என்பதால், அவற்றில் இரண்டு தரங்களுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். காட்மியம் வகையில் நன்றாகத் தெரியும். பெரிய பரப்பில் ஒரே வாஷ் (நீர்த்த வண்ணத்தின் சீரான பூச்சு) போடும்போதும், ஒரே பூச்சில் அடர்ந்த இருள் வேண்டும்போதும் இந்த வில்லைகள் திணறும். நிறம் ஏறவில்லையே என்று வில்லையைத் தேய்த்துத் தேய்த்துப் பூசினால் தாளின் மேற்பரப்பு கிளர்ந்து படம் அழுக்காகும்.

ஹ்யூ என்றாலே போலி, சீக்கிரம் வெளுத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அலிசரின் கிரிம்சன் அதற்கு நேர்மாறான சாட்சி. அசல் அலிசரின், அதாவது பிஆர்83 என்ற குறியீடுள்ள நிறமி, வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஓவியர் தர டியூப்பில் அடைத்து விற்றாலும் அதன் குணம் மாறாது. நிலைத்த நிறமியால் செய்த மாற்று, அதைவிட அதிக நாள் நிற்கும். உயர்ந்த கை வரைந்த படம் என்றும் மங்காது என்பதும் இதே ரகம்தான். வான்கோ 1888இல் தீட்டிய 'படுக்கையறை' படத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் பூசியது வெளிர் ஊதா. கலவையில் இருந்த சிவப்பு போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது. அதே 1888இல்தான் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களின் மீது வெளிச்சம் செய்யும் வேலையை ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுத் துறைக்கு அறிக்கை கொடுத்தார்கள். ஆக, விலையையும் தரப் பெயரையும் விட்டுவிட்டு, வில்லை உறையில் உள்ள நிறமிக் குறியீட்டையும் ஒளித்தாங்கு மதிப்பையும் (வெளிச்சத்தில் எவ்வளவு வெளுக்காமல் நிற்கும் என்பதை) பாருங்கள். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் மதிப்பீட்டில் 1, 2 இரண்டும் நம்பத் தகுந்தவை. சந்தேகமிருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பட்டை பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். ஒளிரும் இளஞ்சிவப்புகள், சாய மையில் செய்த மார்க்கர்கள் எல்லாம் இதில் பல்லிளித்துவிடும்.

அடுத்தது, நிறம் கூடினால் படம் கூடும் என்ற நினைப்பு. 48 நிறப் பெட்டி இந்த நம்பிக்கையை நம்பித்தான் விற்கிறது. உண்மையில் 12 நிறமே சற்று அதிகம். அல்ட்ராமரினோடு அலிசரினைச் சேர்த்தால் தெளிந்த ஊதா. அதே அல்ட்ராமரினோடு காட்மியம் ரெட் பேலைச் சேர்த்தால் பழுப்பேறிய மங்கல், ஏனென்றால் அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் சாய்வு இருக்கிறது. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் சாம்பலில் தொடங்கிக் கிட்டத்தட்டக் கறுப்பு வரை போகும். நீலம் ஓங்கினால் குளிர்ந்த நிழல், சியன்னா ஓங்கினால் வெதுவெதுப்பான நிழல். விரிடியனும் அலிசரினும் இன்னொரு ஆழ்ந்த இருளைத் தரும். விரிடியனைத் தனியாக இலை வரையப் பயன்படுத்தாதீர்கள், பிளாஸ்டிக் செடிபோல் ஆகிவிடும். அதில் துளி சியன்னா தட்டினால் சரியாகும். சேறாகிவிட்டது என்று எல்லோரும் குறைபடுவது பெரும்பாலும் மூன்று நான்கு நிறமிகளை ஒன்றாகக் கலப்பதால் வருவது. பாதி காய்ந்த அடுக்கை மறுபடி சீண்டுவதாலும் வரும்.

சைனீஸ் ஒயிட் வில்லையை எடுத்துவிடுங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். வெள்ளையைக் கலந்தால் ஊடுருவும் தன்மை போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். அந்தக் குழியில் இதே வரிசையின் இன்டென்ஸ் ப்ளூ வில்லையைப் பொருத்துங்கள். அது தாலோ நீலம். பெட்டியில் இல்லாத, பச்சைச் சாய்வுள்ள நீலம் அதுதான். உள்ளே இருக்கும் கோபால்ட் ஹ்யூ அல்ட்ராமரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி, பெரிய பயனில்லை. பெட்டியில் கறுப்பு இல்லை. நல்ல ஓவியர் கறுப்பைத் தொடவே மாட்டார் என்று ஒரு சட்டம்போல் சொல்வார்கள், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கத்தில் கறுப்பு கைக்கெட்டாமல் இருப்பது நல்லது, நிழலைக் கலந்து எடுக்கக் கை பழகும்.

கூட வரும் பிரஷ் பயணத்தில் குறிப்பு வரைய மட்டும்தான் உதவும். 'ரவுண்ட்' வகை பிரஷ்ஷில் 8ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும், செயற்கை இழையில், போதும். தண்ணீரில் முக்கி ஒருதரம் உதறினால் முனை கூராகச் சேர வேண்டும். சேராவிட்டால் அதன் மீது எந்த விலை எழுதியிருந்தாலும் வாங்காதீர்கள். கோலின்ஸ்கி என்ற விலங்கு முடி பிரஷ் அதிகத் தண்ணீர் பிடிக்கும், அதற்கு அவசரமில்லை. மூடியின் பிளாஸ்டிக்கில் புதிதில் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு ஓடும். பற்பசை தொட்டு மெதுவாகத் தேய்த்தால் அடங்கும். வெள்ளைப் பீங்கான் தட்டு இன்னும் வசதி. ஈரத்தோடு பெட்டியை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வில்லைகள் காய்ந்த பிறகே மூடுங்கள். வேலை தொடங்க ஓரிரு நிமிடம் முன்பு ஒவ்வொரு வில்லையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தேய்க்கும் வேலை பாதியாகும்.

இனி தாள். "எனக்குப் பிறவித் திறமை இல்லை" என்று ஓவியத்தை விட்டவர்களில் எத்தனை பேரின் கையை உண்மையில் தாள் கெடுத்தது என்று யோசிக்க வைக்கும் விஷயம் இது. மரக்கூழ்த் தாளில் தண்ணீர் ஒரே மாதிரி நிற்காது. திட்டுத் திட்டாக உறிஞ்சும், வாஷ் நடுவிலேயே விளிம்பு கட்டிவிடும், இரண்டாம் பூச்சு முதல் பூச்சைப் பெயர்க்கும். ஸ்கெட்ச் நோட்டில் நீர்வண்ணம் போட்டு வராததைத் திறமைக் கணக்கில் எழுதுவது அநியாயம். 100 சதவீதப் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு) என்று கேட்டு வாங்குங்கள். ஆர்ஷ் தாள் இந்த வகை. அதற்கு ஜெலட்டின் பசை ஊட்டியிருப்பதால் வண்ணம் மேலேயே நின்று திருத்த அவகாசம் தரும். ஒரு முழுத் தாளை எட்டாகக் கிழித்துப் பின்பக்கமும் வரையலாம். செலவு அப்போது கட்டுக்குள் வரும். 300க்குக் குறைந்த எடை என்றால் நனைத்துப் பலகையில் பசை நாடாவால் நான்கு பக்கமும் ஒட்டிக் காயவிட்டு வரையுங்கள், இல்லையென்றால் அலையடிக்கும். ஈரத்தில் வைத்த பழைய தாளில் பசை செத்துப் போயிருக்கும். அங்கங்கே மையொற்றும் தாள்போல் உறிஞ்சினால் காரணம் அதுதான்.

நல்ல தாளிலும் ஒரு நேரம் ஆபத்தானது. பூச்சு பளபளவென்று இருக்கும்போது தொடலாம், முழுக்கக் காய்ந்த பின்னும் தொடலாம். மினுமினுப்பு குறைந்து மங்கலாகும் அந்த இடைப்பட்ட நேரத்தில் ஈர பிரஷ் பட்டால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். இதைத்தான் பலர் 'கை வரவில்லை' என்கிறார்கள். பயிற்சிக்கு இந்தப் பெட்டி தோதானது: பர்ன்ட் அம்பர் ஒன்றை மட்டும் எடுத்து வெளிரிலிருந்து இருள் வரை ஐந்து படி, அது சீராக வந்ததும் வெள்ளை நீங்கலாகப் பெட்டியோடு வந்த 11 நிறங்களை இரண்டிரண்டாகக் கலந்து 55 கட்டங்கள். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும், அதனால் காயாமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம். கோட்டுருவத்தைக் கட்டம் போட்டோ, ஜன்னல் கண்ணாடியில் வைத்தோ மாற்றிக்கொள்வது ஏமாற்று வேலை இல்லை. தொழிலில் இருப்பவர்கள் தினம் செய்வது.

இந்தப் பெட்டியை வைத்துச் சம்பாதிக்க முடியுமா என்றால், வேலையைப் பொறுத்தது. புத்தகம், பத்திரிகைக்கு வரைபவர் கொடுப்பது ஸ்கேன் செய்த கோப்பு. அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பெரிதாக்கப் போகிறார்கள் என்றால் 600. அங்கே நிறத்தின் ஆயுள் பொருட்டே இல்லை. ஆனால் அல்ட்ராமரினின் நீலம் நான்கு நிற அச்சில் அப்படியே வராது, மங்கி ஊதாப் பக்கம் சாயும். வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மூலப்படத்தை விற்பதாக இருந்தால் கதை வேறு: ஒளித்தாங்கு மதிப்புப் பார்த்த நிறங்கள், பருத்தித் தாள், படத்தைக் கண்ணாடி தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை, முடிந்தால் புற ஊதா தடுக்கும் கண்ணாடி. படத்தை விற்றால் பதிப்புரிமையும் கூடவே போய்விடும் என்று வாங்குகிறவரும் விற்கிறவரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் எழுதிக் கொடுத்தால் ஒழிய அது வரைந்தவரிடமே இருக்கும். ஆர்டர் வேலையில் முன்பணம், எத்தனை முறை திருத்தம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே வில்லையை நனையுங்கள்.

ஏ3க்கு மேல் வரைபவர்களுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது; ஹாஃப் பேனில் பெரிய பிரஷ் நுழையவே நுழையாது, டியூப்புக்குப் போவதே மேல். மற்றவர்கள் வில்லை தீர்ந்தால் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. காலியான குழியில் டியூப் வண்ணத்தைப் பாதி நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, மீதியை நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே ஓடு கட்டி உள்ளே ஈரம் தங்கிவிடும். முதலில் தீர்வது பெரும்பாலும் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும்தான். அந்த இரண்டையும் மட்டும் ஓவியர் தர டியூப்பாக வாங்கி நிரப்பினால் பெட்டியின் முக்கால்வாசிக் குறை தீர்ந்துவிடும்.