"லவ் இன் வெய்ன்"னா, "ஐட் ராதர் கோ ப்ளைண்ட்"டா?

ஒருதலைக் காதல் வலிய ப்ளூஸ்ல (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பொறந்த சோகப் பாட்டு வகை) கேக்கணும்னா, இந்த ரெண்டு பாட்டுல என் ஓட்டு பாடகர் ராபர்ட் ஜான்சனுக்குத்தான். "லவ் இன் வெய்ன்" 1937ல டல்லாஸ்ல ரெக்கார்ட் பண்ணது, ஒரு ஆளு ஒரு கிட்டார் அவ்ளோதான். பாட்டுல காதலி ஊரவிட்டுக் கெளம்புறா, இவன் பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் பின்னாடியே போறான், ட்ரெயின் வந்ததும் அவ கண்ணப் பாத்து அழறான், ஆனா போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல. ட்ரெயின் போறப்ப பின்னாடி ரெண்டு லைட்டு, நீலம் அவன் சோகமாம், சிவப்பு அவன் மனசாம். கடைசில வெறும் முனகலோட "வில்லி மே"ன்னு அவ பேரக் கூப்பிடுவான் பாருங்க, அங்க நான் காலி.

பாடகி எட்டா ஜேம்ஸோட "ஐட் ராதர் கோ ப்ளைண்ட்" வேற ரகம். 1967ல அலபாமால ரெக்கார்ட் ஆனது, ஆர்கன், ப்ராஸ்ங்குற ஊது வாத்தியம்லாம் உண்டு, பாதி சோல்னே (ப்ளூஸும் சர்ச் பாட்டும் கலந்த வகை) சொல்லலாம். காதலன் வேற பொண்ணுகூட பேசுறதப் பாத்ததுமே கத முடிஞ்சதுன்னு தெரிஞ்சிடுது, நீ போறதப் பாக்குறதுக்கு கண்ணே தெரியாமப் போகட்டும்ங்குறாங்க. தான் அழறதே கையில இருக்க கிளாஸ்ல முகம் தெரியறப்பதான் தெரியுது.

குரலுக்குன்னா எட்டாதான், சந்தேகமே இல்ல. பழைய ரெக்கார்டிங் இரைச்சல் ஒத்துக்காதவங்க அங்கயே ஆரம்பிங்க, ஜான்சன அப்புறம் நைட்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்க.