பிரதான பாத்திரம் யார்? ஹட்டனில் கிடைக்கும் கதை அட்டைப் பெட்டி

இலங்கை மலையகத்து ஹட்டன் புத்தகக் கடைகளில் தரம் 3, 4 பிள்ளைகளுக்கென்று ஒரு கதை அட்டைப் பெட்டி கிடைக்கிறது. ஆறு கதைகள், கதைக்கு ஆள் அட்டையும் சம்பவ அட்டையுமாக எட்டு, மொத்தம் 48. கூடவே ஒரு விடைத்தாள். கதையை வாசித்துவிட்டு ஆட்களைப் பிரதானம், துணை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். ('பாத்திரம்' என்றால் சோற்றுப்பானை ஞாபகம் வரும் வயது. முதல் நாள் 'கதையில வாற ஆள்' என்றே சொல்லுங்கள்.)

கதைகள் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரைப் பக்கம்தான், மொழியும் எளிது. ஆட்டுக்குட்டியைத் தொலைத்த சிறுமியின் கதையில் லயத்து வாசல், கொழுந்து மடுவம், பிரட்டுக்களம் என்று தேயிலைத் தோட்டத்து இடங்களே வருவதால் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கோளாறும் அதே கதையில்தான். சிறுமிக்கு மட்டும் மலர் என்று பெயர் உண்டு. மற்றவர்கள் வெறும் கங்காணி, தபால்காரர், கணக்கப்பிள்ளை. 'பேர் உள்ளவர்தான் பிரதானம்' என்று பிள்ளை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். கதையை வாசிக்காமலே சரியான விடை வந்துவிடும். படத்திலோ கங்காணிதான் எல்லாரையும் விடப் பெரியவர். ஆகவே படம் பார்த்துச் சொல்லும் பிள்ளை கங்காணியைக் காட்டும். துணைப் பாத்திரங்களுக்கும் ஒவ்வொரு பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் முதல் சிக்கல் தீரும். படத்துக்கு வழியில்லை, முதலில் படத்தை மூடிவைத்துக் கதையை மட்டும் வாசிக்கலாம்.

பெட்டி சொல்லித்தரும் ஒரே வழி, 'ஆளை எடுத்துவிட்டுப் பார், கதை விழாமல் நின்றால் துணை, விழுந்தால் பிரதானம்' என்பது. பாதி உண்மை. சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு மிருகத்தை அனுப்புவதாகச் சிங்கத்திடம் பேசி முடித்தவை காட்டு மிருகங்கள். அவற்றை எடுத்துவிட்டால் முயலுக்கு முறையே வராது, கதை விழுந்துவிடும். அதற்காக அவை பிரதானம் ஆகிவிடுமா? இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: சிக்கல் யாருக்கு? அதை அவிழ்க்கப் பாடுபடுவது யார்? அப்போது முயல் தானாக முன்னுக்கு வரும். சிங்கம் என்று சொல்லும் பிள்ளைக்கு முழுப் பிழை போடாதீர்கள். எதிரே நிற்கும் பெரிய ஆள் அதுதான். ராஜா என்பதால் சொன்னதா, காரணம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பாட்டி வடை சுட்ட கதைக்கு விடைத்தாளில் நரி. நியாயம்தான்: வடை வேண்டும் என்று திட்டம் போடுவது அது. ஆனால் காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு கரையும் கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை 'காகம்' என்று சொல்லும். அந்த முடிவில் ஆபத்தும் காகத்துக்கு, தப்புகிற புத்தியும் காகத்துக்கு. பிள்ளை சொன்னது சரி. அதே மூன்று பேர், அதே வடை, முடிவு மாறினால் பிரதான பாத்திரமும் மாறும். விடைத்தாள் இதைத் தொடவே இல்லை. அட்டையில் உள்ள முடிவைச் சத்தமாக வாசித்த பிறகே பிரிக்கச் சொல்லுங்கள். பாட்டியைத் தூக்கிப் பிரதானத்தில் வைப்பவர்களும் உண்டு, முதல் வரியிலேயே வருகிறாரே! 'கடைசியில பாட்டி எங்க?' என்ற ஒரு கேள்வி போதும்.

ஆர்வமூட்டும் ஆள் எல்லாம் பிரதானம் அல்ல என்பதற்குப் பெட்டியில் உதாரணம் இல்லை. மலையகத்தில் அதற்கு வெளியே தேட வேண்டாம். காமன் கூத்தில் தூதன் வந்து ஆடினால் களம் கலகலக்கும்; ஆனால் கதை மதனுடையது, ரதியுடையது. மாசியில் கூத்துப் பார்த்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு நேரத்துக்கு ஒரு கதை, நான்கைந்து பிள்ளைகள். 48 அட்டையையும் ஒன்றாகக் கொட்டினால் கலந்துவிடும், பின்பக்கத்தில் கதை இலக்கம் அச்சிடவில்லை. நீங்களே எழுதிவிடுங்கள். விடைத்தாளைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அட்டை மெல்லியது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் ஓரம் சுருளும். பெயர் ஸ்டிக்கரையும் இலக்கத்தையும் முடித்த பிறகே லெமினேட் செய்யுங்கள். ஏ4 உறையில் ஆறு அட்டை என்றால் எட்டு உறை போதும். அட்டைகளுக்கிடையே விரலகலம் விடுங்கள். நெருக்கி வைத்து அட்டையோரத்திலேயே வெட்டினால் உறை பிரிந்து ஈரம் உள்ளே போய்விடும்.