டோக்கியோவிலிருந்து இரண்டு நாள்: கியோட்டோவா, கனசாவாவா?

2024 நவம்பரில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். டோக்கியோவில் காட்ட வேண்டியதையெல்லாம் ஒரு வாரத்தில் காட்டியாயிற்று. "அந்த புல்லட் ரயில்ல ஒரு தடவ ஏத்திவிடுப்பா, பழைய ஊர் ஏதாவது பாத்துட்டு வந்துடலாம்" என்றார் அப்பா. பழைய ஊர் என்றால் இங்கே யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கியோட்டோ என்பார்கள். நானும் அதற்கு முந்தைய வருடம் இதே நவம்பரில் நண்பர்களோடு அங்கே போய் வந்தவன்தான். இருந்தும் கனசாவாவுக்கு டிக்கெட் போட்டேன். ஏன் என்று அலுவலகத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

முதலில் ரயில். இதில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு ஊருக்கும் ஒரு வழிக்கு 14,000 யென்னை ஒட்டித்தான் ஆகிறது. கியோட்டோவுக்கு நொசோமி என்ற புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம், கனசாவாவுக்கு ககயாக்கி என்ற புல்லட் ரயிலில் இரண்டரை. நொசோமி டவுன் பஸ் மாதிரி, ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். ககயாக்கியை நேரம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், எல்லாப் பெட்டியும் முன்பதிவு. முன்பதிவு இல்லாமல் ஏறுவதென்றால் ஹகுதாக்கா இருக்கிறது, அது நின்று நின்று போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆக்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸை மறந்துவிடுங்கள். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்குப் போய்விட்டது, வெறுமனே போய்வர அது கட்டுப்படியாகாது.

ஜன்னல் காட்சியில் கியோட்டோ பாதைதான் ஜெயிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில் வலது பக்கம் ஃபூஜி மலை வரும், வானம் தெளிவாக இருந்தால். கனசாவா பாதையில் பாதி நேரம் சுரங்கத்துக்குள்தான், செல்போனில் படம் எடுக்கலாம் என்று தூக்கும்போதெல்லாம் இருட்டிவிடும். தோயாமா நெருங்கும்போது இடது பக்கம் தடேயாமா மலைத்தொடர் உச்சியில் பனியோடு திடீரென்று வந்து நிற்கும், அது ஒன்றுதான் ஆறுதல். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ரயிலின் வேகத்தைக் காட்டச் சொல்லி செயலியைத் திறந்துவைத்து, 260ஐத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊரின் வயதைப் பார்த்தால் போட்டியே கிடையாது. கியோட்டோ 794இலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகரம், யுனெஸ்கோ பட்டியலில் அந்த வட்டாரத்தில் மட்டும் 17 இடங்கள். கனசாவா மாயேதா குடும்பம் ஆண்ட காகா நாட்டின் கோட்டை ஊர். அந்த நாட்டுக்கு 'பத்து லட்சம் கொக்கு' என்று பெயர். ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடுகிற அரிசி, சுமார் 150 கிலோ. நம் ஊரில் நிலத்தின் மதிப்பைக் கலம் கணக்கில் சொல்வது மாதிரிதான். நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கு அடுத்தபடியான இந்தப் பணக்காரர்கள், படை திரட்டினால் ஷோகன் இருந்த எடோவில் (இன்றைய டோக்கியோ) சந்தேகப்படுவார்கள் என்று காசையெல்லாம் தேநீர், நோ நாடகம், தங்கத்தகடு என்று செலவழித்தார்கள் என்பார்கள். இன்றைக்கும் ஜப்பானின் தங்கத்தகடு ஏறக்குறைய மொத்தமும் கனசாவாவில்தான் அடிக்கிறார்கள். கியோட்டோவில் எல்லோரும் போய்ப் படம் எடுக்கிற கின்காகுஜி, 1950இல் எரிந்து 1955இல் திரும்பக் கட்டிய பொற்கோயில், அதற்கு 1987இல் புதிதாகப் போர்த்திய தங்கமும் இங்கே அடித்ததுதான்.

சரி, நான் எதை வைத்து முடிவெடுத்தேன் என்றால், ரயிலை விட்டு இறங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான். இரண்டே கால் மணியா இரண்டரை மணியா என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், இறங்கின பிறகு அந்த நாளில் மீதி எட்டு மணி நேரம் காலும் பேருந்தும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம், அதைவிட, நின்றுகொண்டே இருப்பது அறவே முடியாது.

கியோட்டோ மூன்று பக்கம் மலை சூழ்ந்த கிண்ணம் மாதிரி இருக்கிறது. நடுவில் சதுரம் சதுரமாகத் தெருக்கள். பார்க்க வேண்டிய கோயில்கள் பெரும்பாலும் ஓரத்தில், மலையடிவாரத்தில். கியோமிசுவும் கின்காகுவும் ஊரின் இரண்டு கோடி, அராஷியாமா மேற்கே, ஃபுஷிமி இனாரி தெற்கே. மெட்ரோ மொத்தமே இரண்டு தடம், அவை நடு ஊரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, ஓரத்துக் கோயில்களுக்கு வாசல் வரை கொண்டுவிடாது. மீதி பேருந்துதான். நாங்கள் நண்பர்களாகப் போன அந்த நவம்பரில், இலை சிவக்கும் பருவம், நிலையத்துக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. மூன்றாவது பேருந்தில்தான் ஏற முடிந்தது, அதிலும் என் முகம் யாரோ ஒருவருடைய முதுகுப்பையில் பதிந்தபடியே கியோமிசு வரை போனது. இறங்கினால் அங்கிருந்து பத்து நிமிடம் ஏற்றம், இரண்டு பக்கமும் கடை, நடுவில் கூட்டம், நின்று மூச்சு வாங்க ஓர் இடம் கிடையாது. இத்தனைக்கும் கூட்டத்தைப் பிரிக்க ஊரே பாடுபடுகிறது. பேருந்துக்கு மட்டும் இருந்த ஒரு நாள் பாஸை விற்பதையே 2023இல் நிறுத்தினார்கள், இப்போது மெட்ரோவும் சேர்ந்த 1,100 யென் பாஸ்தான். 2024 ஜூனில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று வார இறுதியில் 500 யென் விரைவுப் பேருந்தும் விட்டிருக்கிறார்கள். நான் அதில் ஏறியதில்லை, அதனால் இப்போது நிலைமை கொஞ்சம் தேவலையாகவும் இருக்கலாம்.

கனசாவாவில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மேலே பிரம்மாண்டமான கண்ணாடிக் கூரை, வருகிறவர்களுக்குக் குடை பிடிப்பது மாதிரி என்று கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் முறுக்கிய மரத்தூண்களோடு ஒரு வாசல், உடுக்கை மாதிரியான ஜப்பானிய முரசின் வடிவம். அங்கேயே பேருந்து நிற்கிறது. அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. கால் மணி நேரத்தில் கென்ரோகுஎன் தோட்டம். அதன் வாசலுக்கு எதிரே ஒரு பாலத்தைக் கடந்தால் கோட்டை, தோட்டத்தின் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்தால் தெருவுக்கு அந்தப் பக்கம் 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம், வட்டமான கண்ணாடிக் கட்டடம். ஊரின் முக்கியமான மூன்று இடங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாகனமே வேண்டாம். தோட்டத்து நுழைவில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு, அதற்கப்புறம் சரளைக்கல் பாதை, நிறைய இடத்தில் பெஞ்சு. நுழைவுக் கட்டணம் 320 யென். 65 வயது தாண்டியவர்களுக்கு வயதுக்கான அத்தாட்சி காட்டினால் இலவசம். பாஸ்போர்ட்டைக் காட்டி இலவசமாக உள்ளே போனதை அப்பா இன்னும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவம்பரில் அங்கே ஒரு வேலை நடக்கும். வரப்போகிற பனியின் எடையில் கிளை முறியாமல் இருக்க, மரத்தின் நடுவே உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டி இழுத்து வைக்கிறார்கள், யுகிசுரி என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் மரம் கூம்பு வடிவக் கூண்டுக்குள் நிற்பதுபோல் தெரியும். 1ஆம் தேதி கராசாக்கி பைன் மரத்தில் தொடங்கி ஒவ்வொரு மரமாகப் போவார்கள். நாங்கள் பார்த்தபோது ஒருவர் கம்பத்து உச்சியில் நின்று வைக்கோல் கயிற்றை விரித்து விரித்து எறிய, கீழே ஒருவர் பிடித்துக் கிளையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடி அம்மா அரை மணி நேரம் அதையே பார்த்தார். குளக்கரையில் இரண்டு கால் உள்ள கல்விளக்கு ஒன்று உண்டு, ஒரு கால் நீளமாகத் தண்ணீரில், இன்னொன்று குட்டையாகப் பாறை மேல். "இதுக்கும் ஒரு கால் சரியில்ல போல, பாறையில தூக்கி வச்சிருக்காங்க" என்றார். கியோட்டோவில் என்றால் அந்த அரை மணியில் அவர் ஏதோ ஒரு பேருந்து வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

மாலையில் ஹிகாஷி சாயா, 1820இல் ஏற்பட்ட கெய்ஷா தெரு, பாடி ஆடி விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர்களின் தெரு. மரச் சட்டம் போட்ட வீடுகள், தெரு மட்டமாக இருக்கும். கியோட்டோவின் கியோனோடு ஒப்பிட்டால் சின்னதுதான், ஒரு நடை நடந்தால் முடிந்துவிடும். தங்கத்தகடு ஒட்டிய ஐஸ்கிரீம் சுமார் 1,000 யென். அப்பா ஒன்று வாங்கித் தின்றுவிட்டு, "பொன்னுக்கு ருசியே இல்லடா" என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மழை. "மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று அந்த ஊரில் ஒரு பழமொழியே உண்டு. எங்களுக்கு ஒரே நாளில் மூன்று தடவை கொட்டி மூன்று தடவை வெயில் அடித்தது. அப்புறம் சாப்பாடு. அம்மா சைவம். ஓமிச்சோ சந்தையில் நவம்பர் என்றால் எங்கு பார்த்தாலும் நண்டு, மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் திருவிழா, எங்களுக்கு வாசனை மட்டும். வெறும் காய்கறி என்று கொடுப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஊறுகாய் பிளம் வைத்த சோற்று உருண்டையும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையும்தான் காப்பாற்றியது. இந்த விஷயத்தில் கியோட்டோ எவ்வளவோ மேல், பௌத்த மடத்துச் சைவச் சாப்பாடும் டோஃபு கடைகளும் அங்கே தாராளம்.

என் ஒப்பீட்டில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. கியோட்டோவுக்குப் போனது வார இறுதி, கனசாவாவுக்குப் போனது புதன், வியாழன். கனசாவாவைப் பனியில் பார்த்ததில்லை, அந்த ஈரத்தில் முழங்காலோடு எப்படி நடப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஜப்பான், கால் நன்றாக இருக்கிறது என்றால் கியோட்டோவையே பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். பெரியவர்களோடுதான் என்றாலும் அங்கே வழியுண்டு: நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தோஜி கோபுரம், வாடகைக் காரில் கொஞ்ச நேரத்தில் சான்ஜூசான்கென்தோ. அது நீளமான ஒரே மண்டபம், உள்ளே கருணைத் தெய்வமான கன்னோனின் 1,001 சிலைகள், முன்வரிசைக் காவல் தெய்வங்களில் இந்திரன், பிரம்மா, கருடன் எல்லாம் ஜப்பானிய முகத்தோடு நிற்கிறார்கள். அதை அம்மாவுக்குக் காட்டவில்லையே என்று எனக்கும் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். முன்பு கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்குத் தண்டர்பேர்ட் ரயில் நேராகப் போனது. 2024 மார்ச்சில் ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் பாதை கனசாவாவிலிருந்து சுருகா வரை நீண்ட பிறகு அங்கே இறங்கி மாற வேண்டும். தண்டர்பேர்ட் கீழ்த்தளத்தில் நிற்கும், ஷின்கான்சென் மேலே. மாறுவதற்குக் கொடுப்பது எட்டு நிமிடம் போல. தனியாகப் போனபோது எனக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் ரயில் மொத்தமும் காலி ஆகி எல்லோரும் பெட்டியோடு ஒரே திசையில் நகரும் எஸ்கலேட்டரை நோக்கிப் போகிறபோது, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று அம்மாவை நிறுத்திவிட்டுத் தேட எனக்குத் தைரியம் வரவில்லை. போன வழியிலேயே ககயாக்கியில் டோக்கியோ திரும்பிவிட்டோம்.