‘சேர்ந்து வாழச் சம்மதம்’ என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்

கணவர் அடிக்கிறார் என்று புகார் கொடுக்கப் போகும் பெண்களும், அவர்களுக்குத் துணையாகப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என் தங்கைக்கு நடந்தது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் நிலையத்தின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

முதல் கோளாறு அரசு மருத்துவமனையில். உதடு கிழிந்து, முழங்கை வீங்கிக் கிடந்தவளை அங்கே அழைத்துப் போனவர் அடித்த கணவரேதான். அவர் பக்கத்தில் நிற்க, விபத்துப் பதிவேட்டில் ‘குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று எழுதினார்கள். கூறியது யார்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு விசாரிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பிறகு மகளிர் காவல் நிலையம். மனுவை வாங்கிக்கொண்டார்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன். “பேசி அனுப்பப் போகிறோம், ரசீது எதற்கு அம்மா?” என்று பதில் வந்தது.

பேசிய லட்சணம் இதுதான். கணவர், மாமியார், ஒரு சித்தப்பா, அவர்களுக்கு வேண்டிய கட்சிக்காரர் ஒருவர் என்று எல்லோருக்கும் நாற்காலி. புகார் கொடுத்தவள் சுவரோரம் நின்றாள். அக்காக்காரி உள்ளே இருந்தால் குடும்பம் சேராதாம், என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது என்று அந்தக் கட்சிக்காரர் மிரட்டியிருக்கிறார். காவல் அதிகாரி அதை மறுக்கவில்லை. சாயங்காலம் அவள் கையெழுத்துடன் ஒரு தாள் தயார். ‘எங்களுக்குள் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். சேர்ந்து வாழச் சம்மதம். மேல் நடவடிக்கை தேவையில்லை.’ அடித்தது பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. நகலும் தரவில்லை.

அதன் பிறகு அடி கூடியது. “போய்ச் சொல், நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே” என்று சொல்லியே அடித்திருக்கிறார். இன்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு நீட்டுவதும் அந்தக் கடிதத்தையும் மருத்துவமனைப் பதிவையும்தான்.

காவல் நிலையத்தில் எங்களிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர், இலவசச் சட்ட உதவி, நீதிமன்றத்தில் மனுப் போடும் உரிமை, தனியாகக் குற்றவியல் புகார் கொடுக்கும் உரிமை ஆகியவற்றைக் காவல் அதிகாரி அந்தப் பெண்ணுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பதே மகளிர் உதவி எண் 181-க்குப் போன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நிலையத்துக்குப் போகாமல் நேராக அவரிடமே போகலாம். அவர் நடந்த வன்முறையைப் பதிந்து குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். முதல் விசாரணை 3 நாளுக்குள், தீர்ப்பு 60 நாளுக்குள் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது, ஆனால் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு பற்றிய மிரட்டலும் பொய். மாமனார் பெயரில் இருந்தாலும், மணமாகி அவள் குடித்தனம் நடத்திய வீட்டில் வசிக்கும் உரிமையைக் கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இலேயே சொல்லிவிட்டது.

கணவர் செய்த கொடுமைக்குத் தனியாக வழக்கும் உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு. 3 ஆண்டு வரை சிறை. இதை நிலையத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள், தொனி மாறும்.

எல்லா நிலையங்களும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பின்னால் நாங்கள் போன, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் அவளை உட்கார வைத்து, தனியாகக் கேட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்கள்.

மனுவை இரண்டு படியாக எடுத்துப் போங்கள். ரசீது தராவிட்டால் இன்னொரு படியைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் என்ன எழுதினார்கள் என்று அங்கேயே படித்துப் பாருங்கள். சமாதானத் தாளை நீட்டினால், வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருகிறார்கள். அழைக்க வேண்டிய எண் 15100.