மேப்பிள் பாணியும் என் சீனிக் கணக்கும்: இரண்டு வருட அனுபவம்

2023 டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா ஒரு லீற்றர் மேப்பிள் பாணி கொண்டுவந்தார். "சீனியை விட்டிட்டு இதைப் பாவி, மரத்திலயிருந்து வாறது" என்று சொல்லித்தான் கையில் தந்தார். அப்போது என் எச்பிஏ1சி, அதாவது இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 சதவீதம். இப்படியே விட்டால் நீரிழிவுதான் என்று டொக்டர் சொல்லி இரண்டு கிழமை. இயற்கை இனிப்பு என்றதும் மனம் லேசாகிவிட்டது.

பிழை அங்கேதான் தொடங்கியது. பிளேன்ரீக்கு, ஓட்ஸுக்கு, ஞாயிறு காலை அப்பத்துக்கு என்று அளவு பார்க்காமல் ஊற்றினேன். சீனிப் போத்தலைத் தொட்டால் கை தயங்கும், இதற்குத் தயங்கவில்லை. நாலு மாதம் கழித்து வெள்ளவத்தையில் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். 6.3.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மேப்பிள் மரநீரில் சீனி 2 சதவீதம் அளவில்தான். அதில் 40 லீற்றரைக் காய்ச்சி வற்றவைத்தால் ஒரு லீற்றர் பாணி. வற்றி நிற்பதில் மூன்றில் இரண்டு பங்கு சீனி, பெரும்பாலும் நாங்கள் கடையில் நிறுத்து வாங்கும் அதே சுக்ரோஸ். ஒரு மேசைக்கரண்டியில் 12 கிராம் சீனி, 50 கலோரிக்குச் சற்று மேல். கிளைசெமிக் குறியீடு, அதாவது இரத்தச் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்ற கணக்கு, 54 அளவில், வெள்ளைச் சீனிக்கு 65 அளவில். வித்தியாசம் உண்டுதான், ஆனால் மூன்று கரண்டி ஊற்றினால் அது எதற்கும் உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டலும் தேன், பாணி எல்லாவற்றையும் சீனியோடுதான் சேர்க்கிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது. மங்கனீசும் ரைபோபிளேவினும் உண்மையிலேயே நிறைய இருக்கின்றன. ஆனால் மங்கனீசு சிவப்பரிசிச் சோற்றிலும் பருப்பிலும் கிடைக்கிறதே.

பிளேன்ரீயை வெறுமனே குடிக்கப் பழகினேன். பாணி நாளுக்கு இரண்டு தேக்கரண்டி, அதுவும் அளந்து. கடும் நிறப் பாணியில் மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சமே போதும். எனக்குக் கிடைத்த மெய்யான நன்மை இதுதான். பின்னேரம் கடற்கரையில் அரைமணி நேரம் நடந்தேன். ஆறு மாதத்தில் 5.9, அதற்குப் பிறகு ஏறவில்லை. அளந்ததும் நடந்ததும்தான் காரணம், பாணி அல்ல.

வாங்குகிறவர்கள் லேபலைப் பாருங்கள். ஒருமுறை இங்கே ஒரு கடையில் மேப்பிள் இலைப் படத்தைப் பார்த்து வாங்கியது சோளப் பாணியும் வாசனையும்தான். நல்லதில் மேப்பிள் பாணி என்ற ஒரேயொரு பொருள்தான் எழுதியிருக்கும். திறந்ததைப் பிரிட்ஜில் வையுங்கள். அலுமாரியில் விட்ட என் போத்தலின் மேலே மூன்று கிழமையில் சாம்பல் நிறப் பூஞ்சணம் வட்டமாகப் பிடித்திருந்தது. கொழும்புச் சூட்டுக்கு அது தாங்காது.

இறக்குமதிப் பாணியின் விலைக்கு, சீனி கலக்காத கித்துள் (கூந்தல் பனை) பாணி தெரிந்தவர்களிடம் கிடைத்தால் அதையே வாங்குகிறேன். அதற்கும் அதே கரண்டிக் கணக்கு. சீனி வருத்தத்துக்கு இருபது வருடமாகக் குளிசை போடும் அம்மா, "மரத்துப் பாணிதானே பிள்ளை" என்று கேட்பார். எருமைத் தயிரின் மேல் அரைத் தேக்கரண்டி விடுகிறேன், அதுவும் அவருடைய டொக்டரைக் கேட்ட பிறகு.