ஃபீனிக்ஸா, டூசானா, வேகாஸா? பாலைவனத்தில் வீடும் வேண்டும், வெளியில் வாழவும் வேண்டும் என்பவர்களுக்கு

பாலைவன நகரத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "வெயில் எவ்வளவு அடிக்கும்?" என்றுதான். அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான், நெவாடாவின் லாஸ் வேகாஸ், மூன்று ஊரிலும் அடிக்கும். ஃபீனிக்ஸின் உச்சம் 1990 ஜூன் 26 அன்று பதிவான 122 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 50 செல்சியஸ். அதே நாளில் டூசானில் 117. லாஸ் வேகாஸில் 2024 ஜூலை 7 அன்று 120. இந்த எண்களை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஏனென்றால் 117க்கும் 120க்கும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு அந்த மதியத்தில் யாரும் வெளியே நிற்கப் போவதில்லை. கேட்க வேண்டியவை வேறு இரண்டு: ராத்திரி எவ்வளவு இறங்கும், தாங்க முடியாத நாளில் காரை எடுத்தால் எத்தனை நேரத்தில் குளிர்ந்த மலை உச்சிக்குப் போகலாம்.

நடக்க, சைக்கிள் மிதிக்க, மலையேற, குழந்தைகளோடு கொல்லைப்புறத்தில் உட்கார ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இன்டெல்லிலோ வடக்கு ஃபீனிக்ஸில் டிஎஸ்எம்சி சிப் ஆலையிலோ வேலை கிடைத்துவிட்டது என்றால் ஊர் முடிவாகிவிட்டது, நேராக வீட்டைப் பற்றிய பகுதிக்குப் போய்விடலாம். இடையில் என் சார்பையும் சொல்லிவிடுகிறேன்: வெளி வாழ்க்கைதான் முதல் காரணம் என்றால் என் ஓட்டு டூசானுக்கு.

ராத்திரியும் மலையும்

ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 அடி உயரத்தில் இருக்கிற, கான்கிரீட்டும் தாருமாகப் பரந்து கிடக்கிற பெரிய பள்ளத்தாக்கு. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் 110ஐத் தொட்டது எல்லோருக்கும் தெரியும், செய்தியில் வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி, அந்த ஜூலையில் தொடர்ந்து 16 இரவுகள் வெப்பம் 90க்குக் கீழே இறங்கவே இல்லை என்பது. அப்படியென்றால் அதிகாலை 5 மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினாலும் 32 செல்சியஸுக்கு மேலேதான் நடை ஆரம்பிக்கும். அது அபூர்வமான ஆண்டு என்று சொல்லித் தள்ளலாம் என்றால், அடுத்த வருடமே தொடர்ந்து 113 நாள் 100ஐத் தொட்டது.

டூசான் அதைவிட சுமார் 1,300 அடி உயரம், கட்டடமும் குறைவு. ஜூலை மாத இரவின் சராசரிக் குறைந்தபட்சம் அங்கே 70களின் நடுவில் இருக்கும், ஃபீனிக்ஸில் 80களின் நடுவில். பத்து டிகிரி வித்தியாசம்தானே என்று தோன்றும். காலை ஒன்றரை மணி நேரம் வெளியே இருக்க முடிவதும் அரை மணியில் வீட்டுக்கு ஓடி வருவதும் அந்தப் பத்தில்தான் இருக்கிறது. வேகாஸ் 2,000 அடி உயரத்தில் இருந்தும் ராத்திரி விஷயத்தில் ஃபீனிக்ஸோடுதான் சேரும், 80க்குச் சற்று மேலே. ஆனால் குளிர்காலத்தில் கதை மாறும்: ஜனவரி மதியம் ஃபீனிக்ஸிலும் டூசானிலும் 60களின் பின்பாதியில் இதமாக இருக்கும்போது வேகாஸில் 50களின் பின்பாதி, அதோடு காற்றும் சேர்ந்தால் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

மலைக்கு வருவோம். டூசானில் வடகிழக்கு ஓரத்திலிருந்து கேட்டலினா நெடுஞ்சாலை ஆரம்பிக்கிறது, 27 மைல். கீழே சகுவாரோ கள்ளிகள், கொஞ்ச தூரத்தில் ஓக், அப்புறம் பைன், கடைசியில் மவுண்ட் லெம்மன், உச்சி 9,159 அடி. நகரத்தில் 105 இருக்கும் நாளில் மேலே 75, 80தான். ஊரிலிருந்து ஒரு மணி நேரம் போதும், காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் அதே மலையில் பனிச்சறுக்கு. ஒரு எச்சரிக்கை: ஜூனில் காடு காய்ந்து கிடக்கும். 2003இல் பிடித்த தீயில் மேலே உள்ள சம்மர்ஹேவன் கிராமத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 2020இலும் மலை பல வாரம் எரிந்தது. மூடப்படுகிற கோடையும் வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகாஸுக்கும் இதே வசதி உண்டு, இன்னும் உயரமாகவே. மவுண்ட் சார்ல்ஸ்டன் 11,916 அடி, பாதைகள் ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் மழை அந்த மலையின் பள்ளத்தாக்குச் சாலைகளை அறுத்துக்கொண்டு போய், பல இடங்கள் நெடுநாள் மூடிக் கிடந்தன.

ஃபீனிக்ஸில் இதுதான் இல்லை. உயரத்துக்குப் போக வேண்டுமென்றால் பேசன் ஒன்றரை மணி நேரம், ஃபிளாக்ஸ்டாஃப் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதுவும் வெள்ளிக்கிழமை மாலை ஐ-17 நெடுஞ்சாலையில் ஊரே வடக்கே கிளம்பும், நீங்களும் அந்த வரிசையில்தான்.

வெளியில் என்ன செய்வீர்கள்?

குளிர்காலத்தைப் பொறுத்தவரை ஃபீனிக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வெளியில் இருப்பது சுகம். நகர எல்லைக்குள்ளேயே 16,000 ஏக்கருக்கு மேல் சவுத் மவுண்டன் பூங்கா, ஸ்காட்ஸ்டேலில் 30,000 ஏக்கருக்கு மேல் மெக்டவல் சொனோரன் காப்பகம், கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள். கேமல்பேக் மலையும் நடுவூரிலேயே இருக்கிறது, குளிர்கால வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கோடையில் கடும் வெப்ப எச்சரிக்கை விடப்பட்ட நாட்களில் கேமல்பேக் பாதைகளை நகராட்சியே காலையிலிருந்து மாலை 5 மணி வரை பூட்டிவிடும். வெப்பம் 100ஐத் தொட்டால் நகரப் பாதைகளில் நாயைக் கூட்டிப் போகவும் தடை.

டூசானில் ஊரின் இரண்டு பக்கமும் சகுவாரோ தேசியப் பூங்கா, கிழக்கே ஒரு பகுதி, மேற்கே ஒரு பகுதி. சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது: வறண்ட ஆற்றுக் கரைகளை ஒட்டி, பெரும்பாலும் கார் குறுக்கிடாமல், 130 மைலுக்கு மேல் நீள்கிற 'தி லூப்' பாதை. வீடு தேடும்போது அந்தப் பாதை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள், வாசலிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர முடிகிற வீடு வேறு, சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வீடு வேறு. சுற்றியுள்ள மலைகளில் தொலைநோக்கி நிலையங்கள் இருப்பதால் டூசானில் வெளி விளக்குக்குக் கட்டுப்பாடு உண்டு. தெரு இருட்டாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும், ஆனால் பத்து லட்சம் பேர் வாழ்கிற வட்டாரத்தின் கொல்லையில் நின்று இவ்வளவு நட்சத்திரம் பார்ப்பது வேறெங்கே நடக்கும்.

பாறை ஏறுகிறவர்கள் என்றால் பேச்சே வேண்டாம், வேகாஸ்தான். சம்மர்லின் பகுதியில் வீடு வாங்கினால் ரெட் ராக் கேன்யன் பதினைந்து நிமிடம். அக்டோபர் முதல் மே வரை அதற்குள் போகிற சுற்றுச் சாலைக்கு நேரம் முன்பதிவு செய்துதான் நுழைய முடியும், நினைத்த நேரத்தில் போவேன் என்கிற கற்பனை வேண்டாம். படகு ஆசை உள்ளவர்களுக்கு லேக் மீட் நீர்த்தேக்கம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் 2022 ஜூலையில் அது அணை கட்டி நிரம்பிய பிறகு கண்டிராத அளவுக்குத் தாழ்ந்து, படகு இறக்கும் சரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படகு வாங்கும் முன் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

வீடு: வாசல் எந்தப் பக்கம்

நம்மவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். கிழக்கு பார்த்த வீடுதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடுவோம். அமெரிக்க மனைகளில் வாசல் கிழக்கு என்றால் கொல்லைப்புறம் மேற்கு. பாலைவனத்தில் மேற்குக் கொல்லை என்றால் ஜூலையில் மதியம் 2 மணியிலிருந்து பொழுது சாய்கிற ஏழே முக்கால் வரை சாய்ந்த வெயில் பின்புறத் திண்ணையான பாட்டியோவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே கூரை போட்டாலும் பயனில்லை, வெயில் பக்கவாட்டிலிருந்து வருகிறது. பின்பக்கம்தான் பெரிய கண்ணாடிக் கதவும் ஹாலும் இருக்கும், ஏ.சி. ஓயாது. மேற்குப் பக்கத்துக் காம்பவுண்ட் சுவரை ராத்திரி 9 மணிக்குத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி சூடு தங்கியிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது, சாஸ்திரத்தையும் விட வேண்டாம். வடக்கு பார்த்த வீடு வாங்குங்கள், குபேர திசை என்று வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். கொல்லை தெற்கே விழும். கோடையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே போவதால் சாதாரணக் கூரையே தடுத்துவிடும், குளிர்காலத்தில் தாழ்வாக வருவதால் இளவெயில் உள்ளே வரும். கொல்லை முக்கியம், வாசல் எப்படி இருந்தாலும் சரி என்பவர்களுக்கு மேற்கு பார்த்த வாசல் இன்னும் நல்லது, மாலை 5 மணிக்கே வீட்டின் நிழல் கொல்லை முழுக்கப் படர்ந்துவிடும். ஃபீனிக்ஸ் விற்பனை விளம்பரங்களில் வடக்கு-தெற்கு அமைப்பு என்பதைத் தனியாகப் போட்டே விற்பார்கள், சும்மா இல்லை.

நீச்சல் குளம் பற்றி: ஜூலையில் ஃபீனிக்ஸ் குளத்துத் தண்ணீரே 90ஐத் தொடும், குளித்தால் குளிர்ச்சி இருக்காது, நனைந்த திருப்திதான். புதிதாகத் தோண்ட நினைத்தால் அரிசோனா மண்ணில் காலிச்சி என்கிற சுண்ணாம்புப் பாறை அடுக்கு குறுக்கே வரும், மதிப்பீட்டில் அதற்கு என்ன கணக்கு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வேகாஸில் 2022இலிருந்து புது வீட்டுக் குளத்துக்கு 600 சதுர அடிதான் உச்சவரம்பு.

தண்ணீர், வரி

புல்வெளி மோகம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வேகாஸில் புது வீட்டு முன்புறத்தில் புல் போடவே முடியாது, இருக்கிற புல்லைப் பெயர்த்தால் தண்ணீர் வாரியம் பணம் தரும். அந்த ஊரின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. வீட்டுக்குள் செலவாகி சாக்கடையில் போகிற தண்ணீரைச் சுத்தம் செய்து லேக் மீடுக்கே திருப்பி விடுகிறார்கள், குளிக்கிற தண்ணீருக்கு யாரும் முறைக்க மாட்டார்கள், தோட்டத்துக்குத்தான் கணக்கு.

ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சிக்கல் நகரத்துக்குள் இல்லை, விளிம்பில் இருக்கிறது. அரிசோனாவின் 1980 நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி புது மனைப்பிரிவுக்கு 100 ஆண்டுத் தண்ணீர் காட்ட வேண்டும். 2023 ஜூனில், நிலத்தடி நீரை மட்டும் நம்புகிற புதுப் பிரிவுகளுக்கு அங்கே அனுமதி நிறுத்தப்பட்டது, விளிம்பு ஊர்களான பக்கை, குவீன் க்ரீக் பக்கம்தான் இது அதிகம் உறைத்தது. ஐந்து மனைகளுக்கு மிகாமல் பிரித்து விற்றால் அந்தச் சட்டத்திலிருந்து தப்பிக்க வழி இருந்தது. ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் அப்படி எழுந்த அழகான வீடுகள் பல ஸ்காட்ஸ்டேலிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தன. 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்தியதும் அங்கே பலருக்குத் தூக்கம் போயிருக்கும். மலைக் காட்சி, ஒரு ஏக்கர், மலிவு விலை என்று ஏஜென்ட் சொன்னால் முதல் கேள்வி "தண்ணீர் குழாயில் வருகிறதா, கிணறா, லாரியா?" என்பதாக இருக்கட்டும்.

வரி சுருக்கமாக: நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது, அரிசோனாவில் 2023 முதல் ஒரே விகிதமாக 2.5 சதவீதம். சொந்தமாகக் குடியிருக்கிற வீட்டுக்கு நெவாடாவில் சொத்து வரி வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் வாங்கியதும் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அனுப்பும் அட்டையில் "இது என் முதன்மை வீடு" என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், குப்பைத் தபால் என்று தூக்கிப் போட்டால் 8 சதவீதம் வரை ஏறலாம். விலை என்று பார்த்தால் மூன்றில் டூசான்தான் பொதுவாக மலிவு. வேலைச் சந்தையும் அங்கேதான் சிறியது: பல்கலைக்கழகம், ஏவுகணை தயாரிக்கும் ரேத்தியான், அதற்கப்புறம் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டிலிருந்தே வேலை என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

டூசானில் வாங்குகிறவர்கள் கொல்லைக்குப் பின்னால் மணலாக ஓடுகிற அகலமான பள்ளம் இருந்தால் வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பருவமழைக் காலத்தில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று கணக்கு, அது அரை மணி நேரத்தில் ஆறாகும். (தடுப்பைத் தாண்டி வெள்ளத்தில் காரை விட்டு மாட்டிக்கொள்கிறவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் ஒரு சட்டம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்த பெயர் முட்டாள் ஓட்டுநர் சட்டம்.)

அரிசோனாவின் வழக்கமான ஒப்பந்தத்தில் வீட்டைச் சோதிக்க 10 நாள் கிடைக்கும். ஏ.சி. வயது, போன ஜூலை, ஆகஸ்ட் மின்கட்டண ரசீது, ஓட்டுக்கூரை என்றால் ஓட்டுக்கு அடியில் விரித்த தாளின் வயது, மூன்றையும் கேளுங்கள். ஓடு ஐம்பது வருடம் நிற்கும், அடித்தாள் இருபது முப்பதில் போய்விடும், காசு அங்கேதான் போகும். கராஜ் தரையில் கம்பியை இழுத்து இறுக்கிய கான்கிரீட் (post-tension) என்று முத்திரை இருந்தால் தரையில் துளை போடுகிற எந்தத் திட்டமும் வேண்டாம். அப்புறம் ஒரு நாள் ராத்திரி இருட்டின பிறகு, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, புற ஊதா டார்ச்சோடு போய்க் காம்பவுண்ட் சுவரில் ஒரு சுற்று அடியுங்கள். பச்சையாக மின்னினால் தேள். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, மூன்று ஊரிலும் இருக்கும். சுவர் நீளத்துக்கும் மின்னினால் கதவிடுக்கு அடைப்பதற்கும் பூச்சிமருந்துக்கும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், 10 நாள் முடிவதற்குள்.