பாடத்திட்டமா, பழைய வினாத்தாளா?

உயிரியலில் எதைத் திருப்பிப் படிப்பது என்று முடிவு செய்யப் பலரும் முதலில் எடுப்பது பழைய வினாத்தாளைத்தான். எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் படத்தில் பாகம் குறிக்கச் சொல்கிறார்கள் என்பது அதில் தெரியும். பாடத்திட்டம் மாறியிருந்தால்தான் சிக்கல்: நீக்கிய பகுதியில் நேரம் போகும், புதிதாகச் சேர்ந்தது கண்ணில் படாது.

பாடத்திட்டம் எல்லையைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. ‘ஒளிச்சேர்க்கை’ என்ற ஒற்றை வரியை வைத்து என்ன செய்வது? பசுங்கணிகத்துக்குள் ஒளிவினை தைலகாய்டு என்ற தட்டுப் பைகளின் சவ்விலும், சர்க்கரை உருவாகும் கால்வின் சுழற்சி அவற்றைச் சூழ்ந்த ஸ்ட்ரோமா திரவத்திலும் நடப்பதை வேறுபடுத்தி எழுத வேண்டும் என்பது வினாத்தாளைப் பார்த்தால்தான் புரியும்.

என் கணிப்பில் பாடத்திட்டமே முதலில். புத்தகத்தை மூடிவிட்டு, தலைப்புக்கு ஒரு படமும் நான்கு வரியும் எழுதிப் பாருங்கள். நெஃப்ரானில் (சிறுநீரகத்தின் நுண்வடிகுழல்) ஹென்லே வளைவு என்ற பாகம் எங்கே என்று கை தயங்கினால் அந்தத் தலைப்பு திருப்பிப் படிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஏறட்டும். வினாத்தாள் அதற்குப் பிறகு, நேரம் வைத்து.